உன்னை யார் அனுப்பினது?

திருப்பதியில் நடந்த கட்சிப் பயிற்சி வகுப்பில் உங்களில் ஒருவர் எழுந்து, "சார், தோத்துப் போன கட்சி முதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்டார். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லி யாராவது அவரைத் தூண்டிவிட்டிருப்பார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஓய்வு பெற்ற பிறகும் புத்தி போகவில்லை. நாலு பேரிடம் விசாரித்ததில் அவர் தானாகத்தான் கேட்டார் என்று தெரிந்தது. அதனால் இப்போது எழுதிக் கொடுக்கிறேன்.

முதலில் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. முதலில் என்ன செய்வோம் என்று சொல்கிறேன். திருடனைத் தேடுவோம். நான் தேடினேன். தேடிப் பிடித்து ஒரு பெண்ணைக் கட்சியை விட்டு நீக்கினேன். அவரோடு சேர்ந்து ஒரு ஊரே எங்கள் கையை விட்டு ஒரேயடியாகப் போக இருந்தது. அவரைத் திரும்பக் கூட்டிவர நான் பட்ட பாடுதான் இங்கே சொல்லப்போவது.

என்னைப் பற்றி இரண்டு வரி. எல்லையோரத்துத் தமிழ்க் குடும்பம். நைனா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். எனக்குத் தமிழும் தெலுங்கும் பிழையில்லாமல் எழுத வந்ததால் கட்சிக்குள் வந்தேன். கட்சியின் சித்தூர் ஜில்லா ஆபீசில் செயலராக இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். தலைவரைப் பார்க்க வருகிற யாரும் என் மேசையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். எவன் எதற்கு வருகிறான் என்று மோப்பம் பிடிப்பதில் எனக்கு நல்ல பெயர். "இட்லியைக்கூடத் திருப்பிப் பாத்துட்டுதான் துன்னுவாரு இந்த மனுஷன்" என்று என் வீட்டுக்காரி சொல்வாள். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

நான் சொல்லும் அந்தச் சட்டசபைத் தேர்தலில் எங்கள் கட்சி ஆட்சியை இழந்தது. ரிசல்ட் வந்த மறுநாள் ஆபீசுக்கு வந்தது நானும் பால்காரரும்தான். முந்தின வாரம் வரை நாற்காலி பற்றாமல் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்த கூட்டம் எங்கே போனது என்று தெரியவில்லை. தோளில் போடும் கட்சித் துண்டை இங்கே கண்டுவா என்பார்கள். ஊரில் ஒரு தோளிலும் எங்கள் கண்டுவாவைக் காணோம். மூன்றாம் நாள் ஜில்லா தலைவர் வந்தார். உட்காரக்கூட இல்லை.

"ஏமய்யா, தொங்க எவரு?" என்றார். திருடன் யார் என்று அர்த்தம். "நாக்கு பேரு காவாலி. பேரு வேணும் எனக்கு."

இந்தப் பக்கத்து அரசியலில் எல்லோர் வாயிலும் புரளும் வார்த்தை கோவர்ட்டு. நம் கட்சிக்குள் இருந்துகொண்டே எதிர்க்கட்சிக்கு வேலை செய்கிறவன். ஜெயித்த வருஷத்தில் அப்படி ஒருத்தனும் இருக்க மாட்டான். தோற்றால் திரும்பின பக்கமெல்லாம் அவன்தான். எங்களை மக்கள் ஏன் கைவிட்டார்கள் என்று யோசிப்பதைவிட எவன் காட்டிக் கொடுத்தான் என்று யோசிப்பது மனசுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்தது. இதை இப்போது சொல்கிறேன். அப்போது நானும் பேர் எழுத ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

பாலசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றுதான் எங்களை ரொம்பக் குடைந்தது. அரசாங்கம் கொடுத்த நிலத்தில் பயிர் செய்கிற பழைய கூலிக் குடும்பங்கள், எல்லாம் தமிழ் பேசுகிறவர்கள். எத்தனை மோசமான தேர்தலிலும் அந்த ஒரு வாக்குச்சாவடி எங்களுடையதாகவே இருந்தது. இந்தத் தடவை அப்படியே கவிழ்ந்தது. ஒரே தெருவில் அத்தனை ஓட்டும் சேர்ந்து மாறினால் யாரோ மாற்றியிருக்க வேண்டும். அந்த யாரோவைக் கண்டுபிடிக்க நான் ஒரு வழி சொன்னேன். இந்த யோசனை என்னுடையதுதான், வேறு யாருடையதும் இல்லை.

காணிப்பாக்கம் சத்தியத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சித்தூர்ப் பக்கத்தில் மாட்டுத் திருட்டிலிருந்து மாமன் மச்சான் தகராறு வரை தீராத வழக்கெல்லாம் அங்கே போகும். கோயில் குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று, நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். பொய் சொன்னால் உருப்பட மாட்டான் என்று நம்பிக்கை. கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவனுக்கும் அந்தக் குளத்துப் படியில் கால் நடுங்கும். அந்தக் கிராமம் இருக்கிற மண்டலத்தில், அதாவது வட்டாரத்தில், எங்கள் ஆட்கள் எல்லோரையும் அங்கே கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்கினால் கோவர்ட்டு தானாக வெளியே வருவான் என்று தலைவரிடம் சொன்னேன். அவர் என் முதுகில் தட்டினார்.

சத்திய வாசகத்தை நானே எழுதினேன். எதிர்க்கட்சிக்கு வேலை செய்யவில்லை, ஓட்டுப் போடவில்லை, போடச் சொல்லவும் இல்லை. ஓட்டை விழாமல் மூன்று பக்கமும் அடைத்திருந்தேன்.

அந்த நாள் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னாலிருந்தே போன் வர ஆரம்பித்தது. "வீட்ல மைல சார்." மைல என்றால் தீட்டு, சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் கோயிலுக்கு வரக்கூடாது. ஒருவருக்குப் பெரியப்பா செத்துப்போனார். ஒருவருக்கு மனைவியின் சித்தி. இன்னொருவருக்கு யார் செத்தார் என்று உடனே சொல்ல வரவில்லை. யோசித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். அந்த வாரம் அந்த மண்டலத்தில் அத்தனை பேர் ஒன்றாகச் செத்திருந்தால் சுகாதாரத் துறையே ஜீப் போட்டுக்கொண்டு வந்திருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் நாலு ஆள் பலம் உள்ளவர்கள். நான் சந்தேகப்பட்டும் விட்டுவிட்டேன். சந்தேகத்திலும் ஆள் பார்த்துத்தான் இருந்திருக்கிறேன்.

ஆள் பலம் உள்ளவர்களில் எங்கள் கட்சியின் மண்டலத் தலைவர் மட்டும் தீட்டுச் சொல்லாமல் வந்தார். மூன்று முறை முழுகினார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கற்பூரத்தின் மேல் கையை நீட்டி, நான் எழுதிய வாசகத்தைவிட நீளமாகச் சத்தியம் செய்தார். கட்சிக்காக உயிரையும் கொடுப்பேன் என்று அவராகச் சேர்த்துக்கொண்டு அழுதும் விட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வரிசையாக முழுகிச் சத்தியம் செய்தார்கள்.

கடைசியில் தேசம்மா. அந்தக் கவிழ்ந்த வாக்குச்சாவடியில் பல தேர்தலாக எங்கள் ஏஜெண்டாக உட்கார்ந்தவர். நாற்பதைத் தாண்டிய பெண், கையில் மாற்றுப் புடவை இருந்த ஒரு பை. படி வரைக்கும் வந்து நின்றுவிட்டார்.

"எறங்கும்மா" என்றேன்.

"இல்ல சார். நா சத்தியம் பண்ண மாட்டேன்."

"ஏன், உனக்கும் மைலயா?"

"தீட்டு ஒண்ணும் இல்ல. பொய்யா ஒரு சாவு சொல்ல எனக்கு வராது. நா பண்ண மாட்டேன், அவ்ளோதான்."

குளத்தங்கரையில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மண்டலத் தலைவர் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே, "பாத்தீங்களா, நா அப்பவே சொன்னேன்ல" என்றார். அப்போதே எதையும் அவர் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. ஆனாலும் தலையை ஆட்டினேன். தேசம்மா இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார். ஏதோ எதிர்பார்க்கிறார் என்று தோன்றியது. கெஞ்சப்போகிறார் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆபீசுக்குத் திரும்பியதும் நீக்கக் கடிதத்தை நானே தட்டச்சு செய்து, தலைவரிடம் கையெழுத்து வாங்கி, தபாலில் சேர்த்தேன். ஒரு பெரிய வேலை முடிந்த மாதிரி இருந்தது.

சில மாதங்கள் போயின. அழுதுகொண்டே உயிரைக் கொடுத்த மண்டலத் தலைவர் முதலில் போனார். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. அவருக்கு அந்தக் கட்சிக் கண்டுவாவைப் போடுகிற படம் என் போனுக்கே வந்தது. அனுப்பியவர் அவரேதான். பிறகு தீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். குளத்தில் முழுகியவர்களில் பாதிப் பேர் அடுத்த தைக்குள் வேறு நிறத்தில் இருந்தார்கள். சத்தியம் செய்தவர்கள் போய்விட்டார்கள், செய்ய மாட்டேன் என்றவரை நாங்கள் துரத்திவிட்டோம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தலைவருக்கும் தெரிந்திருந்தது, அவரும் சொல்லவில்லை.

மண்டல பரிஷத் தேர்தல், அதாவது ஒன்றியத் தேர்தல், நெருங்கியது. தலைமையிலிருந்து கட்சியைப் புதிதாக்க ஒரு ஆலோசகரை அனுப்பினார்கள். நல்ல இளைஞர். புதுப் பாட்டு, புது முழக்கம், புது நிறத்தில் மேடை. எல்லைக் கிராமங்களில் தோற்றதற்கு மொழி காரணம் என்றும், தமிழில் பாட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்றும் சொன்னார். நான் அவரைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் என்னிடம் மட்டும் வேறென்ன பதில் இருந்தது? வாக்குச்சாவடிப் பட்டியலை விரித்தபோது அந்தக் கிராமத்துக்கு நேராக ஏஜெண்ட் பெயர் காலியாக இருந்தது. ஊரில் ஒருத்தரும் எங்களுக்காக உட்கார முன்வரவில்லை. "அந்தப் பொண்ணப் போய்ப் பாருய்யா" என்றார் தலைவர். "ஊரு அவ பேச்ச கேக்கும். அவ இல்லன்னா அந்த ஊரு இல்ல."

பஸ்ஸில் போகும்போதே கணக்குப் போட்டேன். எதிர்க்கட்சி அவருக்கு என்ன கொடுத்திருக்கும், நாம் என்ன சொன்னால் மசிவார் என்று. ஊருக்குள் கேட்டதில் நிலத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். வேர்க்கடலைக்கு நடுவே களை பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்து நின்று கையைப் புடவையில் துடைத்தார். வரப்பில் அவருடைய போன் கிடந்தது. ரெக்கார்டு ஆகிறதோ என்று என் கண் அதன் மேலேயே போனது. அவர் அதைக் கவனித்து, போனை எடுத்து அணைத்து என் கையில் கொடுத்தார்.

"வெச்சிக்குங்க சார். போம்போது குடுங்க."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் போனை வாங்கிக்கொண்டேன். எப்படிப்பட்ட ஆள் எழுதுவதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

"நேராவே கேக்கறேம்மா. அந்த எலக்ஷன்ல ஊரு ஓட்ட மாத்தினது யாரு?"

"நாதான்."

இவ்வளவு சுலபமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"நாதான் மாத்தி குத்தினேன். தெருவுல எல்லாருக்கும் நாதான் சொன்னேன். அத பண்ணலனு சாமி முன்னால நின்னு எப்பிடி சார் சொல்றது? அதான் எறங்கல."

"ஏம்மா இப்படிப் பண்ணினே? எத்தினி வருஷம் நம்ம கட்சியில இருந்தவ நீ!"

அவர் குனிந்து நிலத்திலிருந்து ஒரு பிடி களையைப் பிடுங்கி வரப்பில் போட்டார். "இது எங்க நெலம். எங்க மாமனாருக்கு சர்க்கார் குடுத்த பட்டா. மறு சர்வேனு சொல்லி எல்லாத்தையும் ஆன்லைன்ல ஏத்தனாங்க இல்ல, நம்ம கவர்மெண்டு இருக்கும்போது? அதுல எங்க தெரு மொத்தத்துக்கும் சர்க்கார் நெலம்னு காட்டுது. எங்க பேரு இல்ல. பேங்க்ல லோன் கேட்டா இல்ல, விக்கவும் முடியல, அடகு வெக்கவும் முடியல. நாளிக்கி எவனாச்சும் வந்து எழுந்து போன்னா நாங்க போய்க்கினே இருக்கணும். நம்ம கட்சிதானேனு அர்ஜி எழுதிக்கினு சித்தூருக்கு வந்தேன். மூணு வாட்டி வந்தேன் சார்."

"ஆபீசுக்கா? யாரப் பாத்தே?"

"உங்களதான்."

அப்படி ஒரு அர்ஜி, ஒரு மனு வந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. பொய் சொல்கிறாரோ என்றுதான் முதலில் தோன்றியது.

"மொத வாட்டி மந்திரி வராரு, அப்புறம் வானு சொன்னீங்க. ரெண்டாவது வாட்டி அர்ஜிய வாங்கவே இல்ல. மூணாவது வாட்டி நா உள்ள வந்ததும் வராததுமா, உன்ன யார் அனுப்பினதுனு கேட்டீங்க. நானா வந்தேன்னு சொன்னேன். நம்பல. மந்திரி இருக்கும்போது நம்ம சர்வேயப் பத்தியே கம்ப்ளெயின்ட் எடுத்துக்கினு வந்தா அது எதிர்க்கட்சி வேலதான்னு சொன்னீங்க. நா கட்சித் துண்டு போட்டுக்கினுதான் சார் நின்னுக்கினு இருந்தேன்."

அப்போது தெரிந்தது, அவர் சொல்வது உண்மை என்று. அவருடைய முகம் எனக்கு நினைவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னுடையது. பெயரைக் கேட்பதற்கு முன்னால் நான் கேட்பது அதைத்தான். அந்த மேசைக்கு வந்த எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. எதிர்க்கட்சிக்காரன் யாரும் அந்த ஊரைக் கவிழ்க்கவில்லை. ஊர்க்காரர்கள் எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். சொன்னதை உள்ளே விடாமல் வாசலிலேயே தடுத்த கோவர்ட்டு நான்.

"அப்போ காணிப்பாக்கத்துக்கு ஏம்மா வந்தே? வராமலே இருந்திருக்கலாமே" என்று கேட்டேன்.

"ஏன் மாட்டேங்கறேன்னு ஒரு வார்த்த கேப்பீங்கனு நெனச்சேன். அத்தினி பேரு முன்னால சொல்லிடணும்னுதான் வந்தேன். நீங்க கேக்கவே இல்ல. லெட்டர்தான் வந்துச்சு. அன்னிக்கி எல்லாரும் குளத்துல எறங்கனாங்க. நீங்க மட்டும் கரையிலயே நின்னுக்கினு இருந்தீங்க."

அது நிஜம். தலைவரும் நானும் சத்தியம் செய்யவில்லை. எங்களைச் செய்யச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. அவருடைய போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. நைனா கூலி வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒரு பட்டாவுக்காக எத்தனை வாசலில் நின்றார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாசலின் இந்தப் பக்கம் உட்கார்ந்ததும் மறந்துபோனேன்.

அடுத்த வாரம் திருப்பதியில் ஆய்வுக் கூட்டம். ஜில்லா தலைவர், மண்டலங்களிலிருந்து வந்தவர்கள், ஆலோசகர். நான் அறிக்கை எழுதினேன். "மனு உரிய கவனம் பெறவில்லை" என்று எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். எவ்வளவு சாமர்த்தியமான வரி! யார் கவனிக்கவில்லை என்றே அதில் இல்லை. இருபது வருஷ அனுபவம் சும்மா போகுமா? அதை அடித்துவிட்டு, எழுந்து நின்று வாயாலேயே சொன்னேன். மூன்று முறை வந்ததை, நான் துரத்தியதை, சத்திய யோசனை என்னுடையது என்பதை, எல்லாவற்றையும் சொன்னேன்.

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இத ஈடத்தான் செப்பாலா? இங்கயா சொல்லணும்? வெளிய பத்திரிகைக்காரங்க நிக்கறாங்கய்யா!" என்றார்.

"வெளிய சொல்லல சார். உள்ளதான் சொல்றேன். உள்ள சொல்லாததாலதான் வெளிய உக்காந்திருக்கோம்."

நான் தைரியசாலி என்று இதைப் படித்து நினைத்துவிடாதீர்கள். எனக்கே என் மேல் சந்தேகம் உண்டு. தேசம்மா எப்படியும் ஒரு நாள் யாரிடமாவது சொல்லிவிடுவார், அதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் மரியாதையாக இருக்கும் என்றும் மனசு ஒரு மூலையில் கணக்குப் போட்டிருக்கலாம். தன் தப்பை மேடையேறிச் சொல்கிறவனையும் கொஞ்சம் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

ஆலோசகர் பாட்டு, முழக்கக் காகிதங்களை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்த மாதிரி இன்னும் எத்தனை அர்ஜி திரும்பிப் போயிருக்கும் சார்?" அதுவரை அவர் மேல் இருந்த சந்தேகம் எனக்குப் பாதி போய்விட்டது.

ஆட்சியில் இல்லாத கட்சியால் ஒரு பட்டாவைத் திருத்த முடியாது. திருத்தச் சொல்லிக் கேட்கத்தான் முடியும். அதையே செய்வது என்று முடிவானது. திங்கட்கிழமை தோறும் மண்டல வருவாய் ஆபீசில் மனு வாங்குவார்கள். அந்தத் தெருக்காரர்களோடு நாங்களும் வரிசையில் நின்றோம். என்னை நாலு முறை "அப்புறம் வாங்க" என்றார்கள். ஒரு முறை, நம்பினால் நம்புங்கள், ஒரு குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்து, "யாரு அனுப்பினாங்க உங்கள?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற தேசம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பல திங்கட்கிழமைகள் போன பிறகு கொஞ்சம் பேருக்கு ஆன்லைன் நிலப் பட்டியலில் பெயர் ஏறியது. எல்லோருக்கும் இல்லை. தேசம்மாவுக்கு இன்னும் ஏறவில்லை. இருந்தாலும் தலைவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அந்த ஊரிலேயே ஒரு கூட்டம் போட்டு, தேசம்மாவுக்கு மேடையில் கண்டுவா போட்டு மறுபடியும் சேர்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. போட்டோக்காரர்கள் வந்திருந்தார்கள். தலைவர் கண்டுவாவை விரித்துக்கொண்டு நின்றார். தேசம்மா தலையைக் குனியவில்லை. கையை நீட்டி மைக்கை வாங்கினார்.

"ஒரு வார்த்த கேட்டுக்கறேன் சார். மறுபடியும் நீங்க ஜெயிச்சி வந்துட்டீங்கனு வெச்சிக்குங்க. அப்போ நா அர்ஜி எடுத்துக்கினு சித்தூருக்கு வந்தா, வாசல்ல யாரு ஒக்காந்திருப்பாங்க?"

தலைவர் சட்டென்று, "நானே உக்காந்திருப்பேம்மா" என்றார்.

"நீங்க அப்போ அசெம்பிளில இருப்பீங்க சார்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் எழுந்து, "நான் இருக்க மாட்டேம்மா" என்று மட்டும் சொன்னேன். இந்தத் தேர்தலோடு ஒதுங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். தேசம்மா கண்டுவாவைக் கையில் வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "ஏஜெண்டா ஒக்கார்றேன். இத இப்போ போட்டுக்க மாட்டேன்" என்றார். போட்டோக்காரர்களுக்குப் படம் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். மனம் ஒப்பவில்லை.

ஓட்டுப்பதிவு நாளில் அந்த வாக்குச்சாவடிக்கு நான் போனேன். தேசம்மா காலையில் முதல் ஆளாக வந்து ஏஜெண்ட் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பள்ளிக்கூட வேலிக்கு வெளியே, சட்டம் சொல்கிற தூரத்துக்கு அப்பால், புளியமரத்தடியில் இருந்தேன். மற்ற ஏஜெண்டுகள் டீ குடிக்க வந்தார்கள், சாப்பிட வந்தார்கள். அவர் வரவில்லை. சாயந்தரம் பெட்டிக்குச் சீல் வைத்த பிறகுதான் வெளியே வந்தார். யாருக்குக் குத்தினார் என்று கேட்க வேண்டும் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. என் பிறவிப் புத்தி அது. கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

"சாப்ட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல சார்."

"ஏம்மா, அவங்கல்லாம் வெளிய வந்து துன்னுட்டுப் போனாங்களே. நீயும் அஞ்சு நிமிஷம் வந்திருக்கலாமே."

"வந்திருக்கலாம். எழுந்து போனா, எங்க போனே, யாரப் பாத்தேனு கேப்பீங்களேன்னுதான் எழுந்திருக்கல."

வேடிக்கைக்குச் சொல்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். வேடிக்கை இல்லை. அவர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று எதிர்க்கட்சி ஏஜெண்ட்தான் பிறகு என்னிடம் சொன்னார்.